வெல்லத்துக்கு வலிப்பு வந்த வாரம்

கமலவல்லி வளர்த்த பூனைக்குட்டியின் பெயர் வெல்லம். அச்சுவெல்லத்தின் நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். மற்றபடி இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தூக்கினால் பிறாண்டும். குடவாசலுக்கு மேற்கே மூன்று மைலில் இருந்த அந்த வீட்டில் அதற்கு நடந்த உபசாரம் தலைத்தீபாவளி மாப்பிள்ளைகளுக்குக்கூட நடந்ததில்லை. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு கமலவல்லிக்குக் கொஞ்ச ஒரு ஜீவன் வேண்டியிருந்தது. அவள் கணவர் செல்லத்துரை கொஞ்சலுக்கு இடம் கொடுக்கிற ரகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியின் காதோரம் தெள்ளுப்பூச்சி ஓடுவதைப் பார்த்துவிட்டாள். மாட்டுக்கு உண்ணி பிடித்தால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பயிருக்குத் தூவ விவசாய டிப்போவிலிருந்து வாங்கிவந்த பூச்சிப் பவுடரை ஒரு கை அள்ளி முதுகில் தேய்த்துவிடுவார்கள். நெல் மூட்டைக்கு அடியில் போடுவதும் அதுதான், எறும்புப் புற்றில் கொட்டுவதும் அதுதான். பேன் பிடித்த பெண்பிள்ளைகளின் தலையில் தடவிய புண்ணியவதிகளும் உண்டு. கமலவல்லியும் டப்பாவைத் திறந்து, பிறந்த குழந்தைக்குக் குளிப்பாட்டிப் பவுடர் போடுகிற நினைப்பில், வெல்லத்தைத் தலையிலிருந்து வால்வரை பூசி எடுத்தாள். பூசிவிட்டு மறந்தும் போனாள்.

அன்று சாயங்காலம் பூவம்மாள் வந்தாள். மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள். அவள் புருஷன் அய்யாவு, செல்லத்துரையின் வயலில் வேலை செய்கிறவன். அறுப்புக்கு முன்னால் வரப்பில் எலி மருந்து வைப்பதும் அவன்தான். இருவரும் செல்லத்துரையின் தென்னந்தோப்பு ஓரத்தில் குடிசை போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் யார் எந்த மனையில் குடியிருந்தார்களோ அந்த மனை அவர்களுக்கே என்று அரசாங்கம் சட்டம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., இந்த மனை விசாரணைக்கு வருகிறார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க எத்தனை வருசமா அங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் பூவம்மாள்.

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஐயாகிட்ட கேளு."

குடிசை போட்டே ஆறு மாதம்தான் ஆகிறது என்று சொல்லப் போகிற ஐயாவிடம் கேட்கச் சொன்னால் பூவம்மாள் என்ன செய்வாள்? ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். அந்த முணுமுணுப்பு கமலவல்லியின் காதில் ராத்திரியெல்லாம் உறுத்தியது.

மறுநாள் காலை கொட்டகை வாசலில் வெல்லம் விழுந்து கிடந்தது. நான்கு காலும் விறைத்து உதறிக்கொண்டன, கடைவாயில் நுரை. சாணிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பூவம்மாள் குட்டியை மடியில் எடுத்து வைத்திருந்தாள். கமலவல்லி கண்ட காட்சி அதுதான்.

"கீழ விடுடி! தொடாத!" அவள் போட்ட சத்தத்தில் தெருக்கோடி வரைக்கும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "மனையெழுதிக் குடுக்கலன்னு வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வெச்சிட்டியாடி? உன் புருஷன்கிட்ட இல்லாத எலி மருந்தா? நீ நல்லாயிருப்பியா?"

பூவம்மாள் குட்டியை மெதுவாகத் தரையில் விட்டாள். "நான் வைக்கலைம்மா," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்குள் தெருவே தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. செல்லத்துரையின் முகத்தில் மட்டும் ஒரு மலர்ச்சி.

கமலவல்லி குட்டியின் வாயில் பாலை ஊற்றினாள். பிறகு வண்டி கட்டச் சொல்லி, அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு குடவாசல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் கேம்ப் போயிருந்தார். கம்பவுண்டர் சாரங்கபாணி குட்டியை வாங்கி, ரோமத்தைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"யாரும்மா இதுக்குப் பூச்சிப் பவுடர் போட்டது?"

"மாட்டுக்குப் போடுறதுதானே தம்பி?" என்றாள் கமலவல்லி.

"மாடு வேற, பூனை வேறம்மா. பூனை நாள் பூரா உடம்பை நக்கிட்டே கெடக்கும். பூசுனதெல்லாம் வயித்துக்குள்ளதான் போகும். பால் வேற குடுத்தீங்களா? சரியாப் போச்சு. இன்னும் சீக்கிரமா ஏறும்."

ஊசி போட்டார். சோப்புப் போட்டு மூன்று தடவை குளிப்பாட்டச் சொன்னார், இருட்டான அறையில் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார், பால் கூடாது என்றார். கமலவல்லி தலையாட்டினாள். கிளம்பும்போது, "இத யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி," என்று அவள் வாயிலிருந்து வந்தது. குட்டி பிழைக்குமா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டோம் என்பது பாதி வழியில் உறைத்தது. வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

நெல் அறையின் மூலையில் பழைய நூல் புடவையில் குட்டியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திங்கட்கிழமை மூன்று தடவை வலிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை. இங்க் ஃபில்லரால் குளுகோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குட்டியின் மார்பு தன் உள்ளங்கைக்குள் படபடப்பதைப் பார்த்து அழுதாள். ஆனால் அந்த அழுகையில் பூனைக்குட்டிக்கு உள்ள பங்கு எவ்வளவு, பயத்துக்கு உள்ள பங்கு எவ்வளவு என்று அவளுக்கே சந்தேகம். பின்பக்கம் பூவம்மாள் சாணி அள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொலைப்பழி சுமத்தப்பட்டவள் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான வேலையைச் செய்துவிட்டுப் போனாள். அடிபம்பில் மற்ற பெண்கள் தங்கள் குடத்தை அவளிடமிருந்து நகர்த்தி வைப்பதை கமலவல்லி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம், இருபது தப்படிதான். காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில், கூட்டம் இல்லாதபோது சொல்லலாம் என்று நினைத்தாள். சாக்குக்கா பஞ்சம்!

புதன்கிழமை குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் துணிச்சல் வந்து, சாப்பாடு போடும்போது புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

செல்லத்துரை சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?"

"கம்பவுண்டருக்கு."

"அவரு சொல்ல மாட்டாரு. அது நமக்குள்ளயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஆர்.ஐ. முன்னால நீ வாயத் தொறக்க வேணாம், நான் பாத்துக்கறேன்."

கமலவல்லிக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? கோபம். தோன்றியதோ நிம்மதி. பாரத்தை இன்னொருவர் தலையில் மாற்றி வைத்த நிம்மதி. அன்று மத்தியானம் அவள் நன்றாகத் தூங்கினாள். பின்னாளில் அந்த வாரத்தை நினைக்கும்போதெல்லாம், தெருவில் கத்தியதைவிட அந்தத் தூக்கம்தான் அவளை அதிகம் கூசவைத்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆர்.ஐ. வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பூவம்மாளும் அவள் புருஷனும் வாசலில் நின்றார்கள். கமலவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"குடிசை போட்டு ஆறு மாசம் ஆகுதுங்க," என்றார் செல்லத்துரை. "விவசாயக் கூலிங்க சங்கத்துல சேந்துட்டு ராத்திரியோட ராத்திரியாப் போட்டது. கேட்டதுக்கு என் வீட்டுப் பூனைக்கு வெஷம் வெச்சாங்க. தெருவுல யாரை வேணா விசாரிங்க. இந்தக் கூட்டத்துக்கு மனையும் குடுத்தா நாளைக்கு மனுசனுக்கு வைப்பாங்க."

ஆர்.ஐ. வாசலைப் பார்த்தார். "என்னம்மா, நெஜமா?"

பூவம்மாள் ஆர்.ஐ.யைப் பார்க்கவில்லை. காப்பித் தட்டோடு நின்ற கமலவல்லியைப் பார்த்தாள். முறைப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. வெறுமனே பார்த்தாள்.

"அது நான் போட்ட பவுடருங்க," என்றாள் கமலவல்லி. குரல் யாருடையதோ போல வந்தது. "தெள்ளுக்காகப் பூச்சிப் பவுடர் தடவினேன், நக்கிடுச்சு. இவ வெஷம் வைக்கல. திங்கக்கிழமையே எனக்குத் தெரியும்."

"நீ உள்ள போ!" என்றார் செல்லத்துரை.

ஆர்.ஐ. கையமர்த்தினார். "பூனைக் கதை எனக்கு வேணாங்க. குடிசை எப்பேருந்து இருக்கு? அதச் சொல்லுங்க."

கமலவல்லி தட்டைக் கீழே வைத்தாள். "நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சுங்க. வந்த அன்னைக்கே குடிசை அங்க இருந்துச்சு."

ஆர்.ஐ. எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். செல்லத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அது கமலவல்லிக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. நெஞ்சு லேசாகிவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடுதான் கொட்டகைக்குப் போனாள்.

பூவம்மாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மனசுல வெச்சுக்காத பூவம்மா. எனக்கே கம்பவுண்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. பவுடருனு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்மா," என்றாள் பூவம்மாள், நிமிராமல். "குட்டிய மடியில எடுத்தேன்ல, பொடவையெல்லாம் அந்த நாத்தம்தான். தெனம் மாட்டுக்குப் போடுறது, எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லக் கூடாதா?"

பூவம்மாள் விளக்குமாற்றைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் சொன்னா யாரும்மா நம்புவா? ஆசுபத்திரிக்குப் போயிருக்கீங்க, தெரிஞ்சிருக்கும், வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். திங்கக்கிழமை இருந்தேன். செவ்வாக்கிழமை இருந்தேன். புதன்கிழமை குட்டி எந்திரிச்சிருச்சுன்னாங்க, இன்னைக்கு சொல்லிருவீங்கன்னு பொழுது சாயிற வரைக்கும் இங்கயேதான் நின்னுட்டிருந்தேன்."

அந்த நேரத்தில் கமலவல்லி தூங்கிக்கொண்டிருந்தாள்.