மூன்று முறை செத்த ரங்கநாயகி

தொண்ணூற்று நாலில் என் ஆத்துக்காரர் வேதாந்தத்துக்கு அறுபது நிறைந்தது. சஷ்டியப்தபூர்த்திக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு வம்சாவளியும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

இந்தக் குடும்பத்தில் தாத்தா பெயர் பேரனுக்கு. வேதாந்தம், நரசிம்மன், வேதாந்தம், நரசிம்மன் என்று செக்குமாடு மாதிரி சுற்றும். ஆனாலும் ஆண்களைப் பிரித்தெடுக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருவர் தாசில்தார், ஒருவர் வக்கீல், ஒருவர் நிலத்தை விற்றுச் சீட்டாடியவர். பத்திரம், கையெழுத்து என்று ஆளுக்கொரு அடையாளம் இருந்தது.

இடறியது இவருடைய பாட்டி ரங்கநாயகியிடம்தான். பதினோரு பிள்ளை பெற்ற மகராசி என்று இன்றைக்கும் மெச்சிக்கொள்வார்கள். சிராத்தம் செய்துவைக்கும் வாத்தியாரின் பழைய திதி நோட்டில் அவளுக்கு மூன்று திதி. மன்மத வருஷம் ஆடி, பராபவ வருஷம் கார்த்திகை, சித்தார்த்தி வருஷம் பங்குனி. முதல் சாவுக்கும் கடைசிச் சாவுக்கும் நடுவே இருபத்தைந்து வருஷம். ஒரே பெண் மூன்று முறை எப்படிச் சாவாள்?

இவரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"தெரியுமே. தாத்தாக்கு மூணு பாரியாள். ஒருத்தி போய் ஒருத்தி வந்தா. எல்லாரையும் ரங்கநாயகின்னே கூப்பிட்டுட்டா. கூப்பிட சௌகரியமா இருந்திருக்கும்."

"பின்னால வந்த ரெண்டு பேரோட சொந்தப் பேர்?"

"யாருக்குத் தெரியும்? ஒண்ணாவே போட்டுடு. பதினொண்ணுன்னா எடுப்பா இருக்கு."

கூப்பிட சௌகரியம். இதே வார்த்தையை இதே வீட்டில் முன்னாலும் கேட்டிருக்கிறேன்.

அறுபத்து நாலில் இவருக்கு இரண்டாம்தாரமாக வந்தேன். முதல் மனைவி ஜெயலக்ஷ்மி, இரண்டு வயசு கிரீஷை விட்டுவிட்டு டைபாய்டில் போயிருந்தாள். வந்த ஒரு வாரத்தில் மாமியார் சொன்னார்: "பாத்திரத்துலெல்லாம் ஜெயலக்ஷ்மின்னு பேர் வெட்டியாச்சு. நீயும் ஜெயாவாவே இருந்துட்டுப் போயேன், கூப்பிட சௌகரியம்." பத்மாசனி என்று பேர் வெட்டி என் அப்பா கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. அன்றைக்குத் தலையாட்டினேனே, அதை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அப்புறம் முப்பது வருஷம், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் மட்டும்தான் நான் பத்மாசனி.

இவர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தின் கடைசி வரியைப் பார்த்தேன். "வேதாந்தம் – ஜெயலக்ஷ்மி. குழந்தைகள்: கிரீஷ், ஸஹானா." அவள் பெற்றதும் நான் பெற்றதும் ஒரே வயிற்றில். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எவளாவது நோட்டைப் புரட்டி, இந்த ஜெயலக்ஷ்மி எப்படி இரண்டு முறை செத்தாள் என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும் என்றா?

காகிதத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். ரங்கநாயகிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு, இரண்டிலும் "பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை". கடைசியில், ஜெயலக்ஷ்மிக்குக் கீழே கிரீஷ். பத்மாசனிக்குக் கீழே ஸஹானா. நானே கச்சேரி ரோட்டில் அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விசேஷத்துக்கு முதல் நாள் அச்சடித்த வம்சாவளிக் கட்டு வந்து இறங்கியது. நான் பரணிலிருந்து இறக்கிய டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெயா! என்னடி அசிங்கம் இது? ஜெயா!"

நான் திரும்பவில்லை. சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"கூப்பிடறது காதுல விழலையா?"

"விழறது. அந்தப் பேர்ல இந்த ஆத்துல யாரும் உசிரோட இல்லை" என்றேன்.