செலினின் நேர்ச்சை

அடைக்கலசாமிக்குக் கடல் மேல் கோபமே கிடையாது. அவருடைய கப்பலை விழுங்கியது கடல்தான், ஆனாலும் கோபமில்லை. கோபமெல்லாம் போர்ட் பிளேயர் துறைமுக ஆபீசில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலி மேல்தான். எவ்வளவு காற்றடித்தாலும் அந்தச் சனியன் ஆடாது.

மணப்பாட்டில் தோணியில் பாய் கட்டிப் பழகி, கல்கத்தாவில் கப்பல் பரீட்சை எழுதி, செகண்ட் ஆபீசராகத் தோளில் பட்டை ஏறியவர் அவர். தீவுக்குத் தீவு அரிசியும் ஆட்களும் ஏற்றிப்போன அந்தச் சின்னக் கப்பலில் நின்ற நாட்கள்தான் நாட்கள். ரங்கத் பக்கம் குடியேற வந்த வங்காளிப் பெண்கள் ஏணியில் இறங்குமுன் ஆட்டுக்குட்டியை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வெள்ளைச் சட்டையும் ஆட்டுக்குட்டியுமாய் நின்ற கோலத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஒரு புயல் விடியலில், லிட்டில் அந்தமான் அருகே பாறையில் ஏறி அந்தக் கப்பல் பிளந்தது. பலகையொன்றைக் கட்டிக்கொண்டு மிதந்தவரை ஒரு மீன்பிடிப் படகு தூக்கிப் போட்டது. கேப்டன் திரும்பவில்லை. சேதி தெரியாத அந்த நாட்களில் அடைக்கலசாமியின் மனைவி செலின் கோயிலில் மண்டியிட்டு, "அவர உசுரோட குடு மாதாவே, இனி அவரு கப்பல்ல கால் வைக்க மாட்டாரு" என்று நேர்ந்துகொண்டாள். மாதா கொடுத்தாள். மனிதர் கரைக்கு வந்தார், நாற்காலிக்கும் வந்தார்.

கடற்கரைக் கத்தோலிக்கருக்கு நேர்ச்சை என்றால் விளையாட்டில்லை. மீறினால் வீட்டுக்கு ஆகாது. போர்ட் பிளேயரின் அபர்டீன் பஜாரில், "கப்பல் முழுகினதுல ஆள் பயந்துட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. பெண்டாட்டியைச் சந்திக்கு இழுப்பதைவிடப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்குவது மேல் என்று இருந்துவிட்டார்.

அறுபத்தொன்பதில், பழைய பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களைக் தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பேயில் குடியேற்ற ஒரு கப்பல் கிளம்பத் தயாராய் நின்றது. அதன் செகண்ட் ஆபீசர் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டார். துறைமுக ஆபீசின் தலைமை குமாஸ்தா பக்தவத்சலம் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஆபீசர் சாப், காலையில கப்பல். தெக்குக் கடல் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். கேப்டன் உங்களைத்தான் கேக்கறார்."

அடைக்கலசாமியின் உடம்பு முழுக்கச் சரி என்றது. வாய் மட்டும், "முடியாதுங்க. இவ மாதாவுக்கு நேர்ந்திருக்கா" என்றது. நேர்ச்சை என்னவென்பதையும் முதல்முறையாக வெளியில் சொன்னார்.

பக்தவத்சலத்துக்கு வாயடக்கம் கிடையாது. "நேர்ந்தா நம்ம தலைமுடி, நம்ம தாலின்னு நேரணும்மா. இது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்ச கதையாயில்ல இருக்கு!" என்று செலினிடம் சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

செலின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பங்குச் சாமியார்ட்ட கேட்டேன். நேர்ச்சைய மாத்திக்கிடலாமாம். ஆனா எனக்கு எது ரொம்பக் கஷ்டமோ அதக் குடுக்கணும்னு சொல்லுதாரு."

"ஏட்டி, சங்கிலியக் குடுத்திருவமா?" என்றார் அவர், ஆசை அடங்காமல்.

"சங்கிலி போனா எனக்கென்ன கஷ்டம்?"

டிரங்குப் பெட்டியைத் திறந்து அவருடைய வெள்ளைச் சட்டையை உதறினாள். போட்டுவிட்டுப் பார்த்தாள். நாற்காலி வளர்த்த தொந்திக்குப் பொத்தான் எட்டவில்லை. ஊசி நூலோடு உட்கார்ந்து பொத்தானைத் தள்ளித் தைக்க ஆரம்பித்தாள்.

"உங்கள அனுப்பிட்டு நான் இங்க ஒத்தையில கெடக்கணும். அதான் எனக்குக் கஷ்டம். அதத்தான் குடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலையில துறைமுகத்துக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீய" என்றாள் செலின். "வந்தா விடமாட்டேன்."