மேற்குப் பக்கத்தில் நாலு பேர்

காலை எட்டே முக்காலுக்கு அந்த ஐந்து மாடித் தையல் கம்பெனி சரிந்தது. இரண்டு தெரு தள்ளிச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் ஆபரேட்டர், யாரும் கூப்பிடாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் மனைவியின் தம்பி அங்கே இரண்டாவது மாடியில் கட்டிங் மாஸ்டர்.

தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி ஒரு பெண். இடிபாட்டின் மேற்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயில் ஸ்பானரால் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காதை வைத்தார். உள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

பதினோரு மணிக்குள் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் அதில் வாயை வைத்தார்.

"மாப்ள, நான்தான்டா."

"மாமா, கத்தாதீங்க. தூசி கொட்டுது." கொஞ்ச நேரம் இருமல். "நாலு பேரு இருக்கோம். ஒரு அக்காவுக்குக் கை மாட்டிக்கிச்சு. தண்ணி கெடைக்குமா?"

ரப்பர் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

"எங்கக்கா வந்திருக்காளா மாமா?"

"வெளிய நிக்கிறா."

"அழுவுறாளா?"

"பின்ன, சிரிப்பாளா?"

கீழே யாரோ சிரித்தது கேட்டது.

அதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டார். "இவங்க தலைக்கு மேல இருக்குற தளம் ஒரு உடைஞ்ச உத்தரத்து மேல நிக்குது. அந்த உத்தரம் கிழக்கு வரைக்கும் போவுது. அங்க எவனாவது கை வெச்சா இங்க உக்காந்துடும். உங்க மிஷின் இப்ப வேணாம். நாலு மணி நேரம் குடுங்க, கையாலயே எடுத்துடறோம்."

பன்னிரண்டு மணிக்கு மந்திரி வந்தார். கூடவே புரொபசர். அவர் எந்தக் கல்லூரியிலும் பாடம் எடுத்ததில்லை. மந்திரி ஒரு மேடையில் அப்படிக் கூப்பிட்டதிலிருந்து அதுவே பெயராகிவிட்டது. அவர் கண்டுபிடித்த உயிர்காட்டி போன வருடமே எல்லாக் காவல் நிலையங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் ஆடும் ஒரு கம்பி. பேட்டரி கிடையாது. பிடித்திருப்பவரின் உடம்புச் சக்தியிலேயே வேலை செய்யும் என்று சொல்லியிருந்தார்கள்.

புரொபசர் அதைப் பிடித்துக்கொண்டு இடிபாட்டைச் சுற்றி நடந்தார். கம்பி கிழக்கே சாய்ந்தது.

"இங்க பதினேழு உயிர் துடிக்குது."

"மேற்குல?" என்றார் மந்திரி.

"ஒண்ணும் இல்ல."

உறவினர் கூட்டம் அழுதுகொண்டே கிழக்கே ஓடியது. அதிகாரி குறுக்கே வந்து நின்றார். "சார், அது துணி குடோன். ஆளு இருக்கிறது மேற்குல. நான் அவங்களோட பேசியிருக்கேன்."

புரொபசர் பொறுமையாகவே சொன்னார்: "செத்தவங்களோட அலை கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டு இருக்கும்மா. பேசற மாதிரியே கேக்கும்."

"விஞ்ஞானத்துக்குக் குறுக்க நிக்காதீங்க," என்றார் மந்திரி.

பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பெண்ணின் அப்பா கூட்டத்தில் இருந்தார். கையில் இரும்புக் கம்பி. "என் பொண்ணக் கொல்லப் பாக்குறியாடி?" என்று அதிகாரியின் நெற்றியில் ஓங்கி அடித்தார். அதிகாரி மல்லாந்து விழுந்தார். தூக்க ஓடி வந்த தீயணைப்பு ஆட்களையும் கூட்டம் மிதித்தது.

அடுத்து பொக்லைனுக்கு வந்தார்கள்.

"தோண்டு," என்றார் மந்திரியோடு வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"சார், அடியில என் மச்சினன் இருக்கான். இப்பத்தான் பேசுனான் சார்!"

லத்தியின் முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது அடியில் இடது கைச் சுண்டுவிரல் மடங்கி நின்றுவிட்டது. வலியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது: மேலாகச் சுரண்டிச் சுரண்டி நேரத்தைக் கடத்திவிடலாம். அப்படித்தான் ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் வண்டிப் படியில் ஏறி நின்று காதோடு சேர்த்து அறைந்தார். "யார்கிட்டடா ஏமாத்துற? ஆழமா போடு!"

அவர் லீவரைத் தள்ளினார்.

உத்தரத்தின் கிழக்கு முனை ஒரு முழம் எகிறியது. மேற்கே இருந்த ஓட்டையிலிருந்து தூசி புஸ்ஸென்று பீய்ச்சியது. அவர் மனைவி அதை நோக்கி ஓடி, பாதியிலேயே தடுக்கி விழுந்தாள்.

கிழக்கே வாளியில் துணிச் சுருள்கள் வந்தன. நீலம், மஞ்சள். மறுபடி போட்டார், மறுபடியும் துணி. பெண்ணின் அப்பா பள்ளத்தில் குதித்து நகம் பெயரப் பெயரத் தோண்டினார். துணிதான்.

"இன்னும் கொஞ்சம் ஆழத்துல..." என்று புரொபசர் ஆரம்பித்தார். அப்பாவின் கம்பி அவர் தாடையில் இறங்கியது. சற்று முன் அவருக்கு வழிவிட்டுக் கும்பிட்ட கூட்டம் அவரைக் கீழே போட்டு மிதித்தது. மந்திரியின் கார் அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஆபரேட்டரும் நொண்டிக்கொண்டே இறங்கிப் போனார். உயிர்காட்டியைப் பிடித்திருந்த கையின் மேல் ஏறி நின்றார். விரல்கள் முறிவது காலுக்குத் தெரிந்தது. இன்னும் அழுத்தினார்.

பின்னாலிருந்து யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். தலையில் துண்டு கட்டிய அதிகாரி. ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"அடிச்சது போதும். வந்து கல்லெடு."

குழாயைத் தட்டினார்கள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு தட்டு.

ஐந்து மணி நேரம் கையாலேயே எடுத்தார்கள். உயிரோடு கிடைத்தது கை மாட்டிக்கொண்ட அந்தப் பெண் மட்டும்தான். டாக்டர் ஊசி போட, அதிகாரி ரம்பத்தால் அவள் கையை முழங்கைக்குக் கீழே அறுத்து வெளியே எடுத்தார். மச்சினன் அவளுக்குப் பக்கத்திலேயே நசுங்கிக் கிடந்தான். ரப்பர் குழாயை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தபடி.

பேக்கிங் பெண்ணை மறுநாள் வடக்கு மூலையில் கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்ட அப்பா, டாக்டரையும் அடிக்கப் போனார்.

புரொபசர் பிழைத்துக்கொண்டார். தாடைக்குக் கம்பி கட்டிக்கொண்டு டிவியில் எழுதிக் காட்டினார்: தீயணைப்பு அதிகாரியின் வயர்லெஸ்தான் உயிர்காட்டியைக் குழப்பியதாம். விசாரணைக் குழுவும் அதையே எழுதியது. கூடவே, ஆபரேட்டரின் கவனக்குறைவு. அதிகாரியை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள்.

ஆபரேட்டர் மேல் போட்ட வழக்கில் கையிழந்த பெண் கோர்ட்டுக்கு வந்து, நாங்கள் நாலு பேரும் பேசினோம், பதில் சொன்னோம் என்று சாட்சி சொன்னாள். ஆபரேட்டரைக் கேட்டபோது அவர் எதையும் மறைக்கவில்லை. "அடிச்சாங்க, நெஜம்தான். லீவரத் தள்ளுனது என் கை. அந்தாளோட விரல ஒடைச்சதும் நான்தான். அப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு." மூன்று வருடம் கொடுத்தார்கள்.

முதல் மாதம் மனைவி ஜெயிலுக்கு வந்தாள். அவருடைய மடங்கிய சுண்டுவிரலைப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாவது மாதம் பேசினாள்.

"ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடுத்தேன். என் தம்பியக் கொன்னது யாருன்னு கேட்டாங்க."

"என் பேரச் சொல்லு."

"சொன்னேன். மந்திரி பேரு, அந்தாளு பேரு, இன்ஸ்பெக்டர் பேரு எல்லாம் சொன்னேன். ரைட்டர் உங்க பேர மட்டும் எழுதிக்கிட்டாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கும் போறேன்," என்றாள். "மத்த பேரையும் எழுதுற வரைக்கும் போவேன்."

அந்த வருடம் அவள் ஸ்டேஷனுக்குப் பதினோரு தடவை போனாள்.