மச்சானுக்குப் பின்னால்

முன்னால் போய்க்கொண்டிருந்த பெரிய விமானத்தின் இடதுபுற விசிறி சுற்றாமல் நிற்பதைக் கந்தவேல் சங்ககிரி மலையைச் சுற்றித் திரும்பும்போதுதான் கவனித்தான். அதை ஓட்டியவன் சின்னராஜ், கந்தவேலின் மனைவி தெய்வநாயகிக்கு அண்ணன். உள்ளே பர்மாவிலிருந்து ஊர் திரும்பும் சிப்பாய்கள். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சேலத்துக்கு மேற்கே போட்டிருந்த அந்த மண் ஓடுதளத்தில் நெரிசல் குறையவில்லை. ஒன்று இறங்கி ஓரம் ஒதுங்குவதற்குள் அடுத்தது பின்னாலேயே வந்துவிடும். அன்றைக்கு அந்த அடுத்தது கந்தவேல்.

அவனுடையது ஒரே ஆள் உட்காரும் சண்டை விமானம். வேகமாகப் போவதற்கென்றே செய்தது. மெதுவாகப் போகச் சொன்னால் முரண்டு பிடிக்கும். பெங்களூரிலிருந்து மழை மேகங்களைச் சுற்றிக்கொண்டு வந்ததில் பெட்ரோல் முள் அடிமட்டத்தில் கிடந்தது.

ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேசவேண்டும் என்று உத்தரவு. கஷ்டம் வந்தால் சின்னராஜ் தமிழுக்கு வந்துவிடுவான்.

"மாப்ள, பெட்ரோல் இருக்குதுங்களா? இல்லீன்னா நீங்க முந்திப் போயிருங்க. நான் ஒரு சுத்துச் சுத்திட்டு வாரேன்."

ஒற்றை விசிறியோடு அத்தனை பேரைச் சுமந்துகொண்டு இன்னொரு சுற்று என்பது நடக்காத காரியம். அது இருவருக்குமே தெரியும்.

"நெறைய இருக்குதுங்க மச்சான். நீங்க எறங்குங்க."

சக்கரங்களை முன்கூட்டியே இறக்கினான். மூக்கைத் தூக்கி, எஞ்சினைத் தணித்தான். அப்படியும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்து தூரத்தைக் கூட்டினான். விமானத்தைத் திருப்பும் கைப்பிடி இறுக்கம் விட்டுத் தளர்ந்தது. உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது விமானம். இதற்கு மேல் குறைத்தால் கல்லாக விழுந்துவிடும். பறப்பதில் எது கஷ்டம் என்று தெய்வநாயகி ஒருமுறை கேட்டிருந்தாள். மெதுவாகப் போவதுதான் என்றான். "அதென்னங்க கஷ்டம்? எங்கண்ணன் சோறு திங்கறாப்பல போனாப் பத்தாதா?" என்று சிரித்தாள். ராசிபுரத்தில் மறுநாள் அவளுக்கு வளைகாப்பு. புருஷனும் அண்ணனும் சேர்ந்து வருவார்கள் என்று காத்திருப்பாள்.

சின்னராஜ் தரையைத் தொட்டான். புழுதி எழுந்தது. அப்பாடா என்று கந்தவேல் மூச்சுவிடும்போதே பெரிய விமானம் ஒரு பக்கம் சாய்ந்து, ஓடுதளத்தின் நடுவில் குறுக்காக நின்றுவிட்டது. டயர் வெடித்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு சிப்பாய்கள் குதித்தார்கள்.

எஞ்சினை முழுக்க முடுக்கி, அவர்கள் தலைக்கு மேலே ஏறிப் போனான். திரும்புகிற பாதியில் எஞ்சின் இருமி அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும். கீழே பச்சையாக ஒரு கடலைக்காடு தெரிந்தது. பொதபொதத்த மண்ணில் சக்கரம் புதைந்தால் குப்புறக் கவிழ்ந்துவிடும் என்று சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, வயிறு உரச இறங்கினான்.

கண்ணைத் திறந்தபோது முதலில் காதில் விழுந்தது வசவுதான்.

"புடுங்கற பருவத்துல இருக்கற கடலைங்க சாமி! ஆகாசம் அத்தன பெருசாக் கெடக்குது, எறங்கறதுக்கு எங்காடுதான் கெடச்சுதா?" காட்டுக்காரி சின்னாயி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் தட்டுத்தடுமாறி வெளியே வந்ததும் குரல் மாறிவிட்டது. "ஐயோ, நெத்தி ஒடஞ்சிருக்குதே. உக்காருங்க சாமி, உக்காருங்க." முந்தானையைக் கிழித்துக் கட்டினாள்.

வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்தான் சின்னராஜ்.

"நெறைய இருக்குதுன்னீங்களே மாப்ள!"

"இருந்துதுங்க மச்சான். நீங்க எறங்கற வரைக்கும்."

சின்னராஜ் கந்தவேலின் தோள், கை, முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு அவன் பக்கத்திலேயே உழவுச் சாலில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கந்தவேல் அவன் முதுகில் கை வைத்தான். கை வெகுநேரம் அங்கேயே இருந்தது.

விமானம் உழுதுபோட்ட செடிகளைச் சின்னாயி பொறுக்கி, மண்ணை உதறி, ஒரு குத்தை இருவருக்கும் நடுவில் போட்டாள். "புடுங்கினது புடுங்கியாச்சு. தின்னுங்க." பச்சைக்கடலையில் பால் ஊறியிருந்தது. அதற்குள் சிப்பாய்கள் பெரிய விமானத்தை ஓரத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். மேற்கிலிருந்து அடுத்தது வந்தது. அதன் நிழல் செடிகளின் மேல் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து போயிற்று. உரித்த கடலையை வாயில் போடாமல் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.