சந்திரம்மா பக்கத்து ஓடு

செம்பருத்திக்குத் தலையோடு தண்ணீர் ஊற்றிவிட்டு விஜயகுமாரி குரோட்டன்ஸ் பக்கம் திரும்பியபோது, ஓடு கழுவ வந்து ஏணியில் பாதி ஏறியிருந்த ஸ்டான்லி குனிந்து பார்த்து, "இன்னும் ஊத்துக்கா, வேர் வரைக்கும் நனையணும்" என்றான். செடிக்கு முதலிலேயே வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்துவிட்டால் அது அப்புறம் மருந்தைக் குடிக்காதாம். பாசி போக அவன் ஓட்டின் மேல் அடிக்கப்போவது பிளீச்சிங் கலந்த மருந்துத் தண்ணீர். ஓட்டில் பட்டால் பாசி போகும், இலையில் பட்டால் இலை போகும். அதனால் நனைத்த செடிகளை எல்லாம் தார்ப்பாயால் மூடி, வேலை முடிந்ததும் திறந்து, மறுபடி நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். வெயில் ஏறிய பிறகும் மூடியே வைத்திருந்தால் உள்ளேயே வெந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த விஜயகுமாரிக்கு, செடி வளர்ப்பதற்குப் பதிலாக இன்னும் ரெண்டு பிள்ளை பெற்றிருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் ஒரு செடியையும் விடவில்லை. துளசிக்குத் தார்ப்பாய் எட்டாமல் போனதால் தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் சமையலறையில் வைத்தாள்.

அணுபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில், அவள் புருஷன் வெங்கடேசன் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக ஓடு போட்டுக் கட்டிய வீடு அது. அவர் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸைத் தினமும் கழுவுவார். வீட்டுக் கூரையை மட்டும் மழை கழுவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். மழை கழுவவில்லை, பாசியை வளர்த்தது. இந்த ஐப்பசி கார்த்திகையோடு கூரை அடுப்புக்கரி நிறத்துக்கு வந்துவிட, எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "இன்னா அண்ணாத்த, வூட்ட வாடகைக்கு வுட்டு கரிக்கடை வெச்சிகினியா?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான், பொங்கலுக்குள் ஓடு சிவந்தாக வேண்டும் என்று வெங்கடேசன் கோவளம் வரைக்கும் போய் ஸ்டான்லியைப் பிடித்து வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான்.

தெற்குப் பக்கம் எல்லாம் மூடியானதும் ஸ்டான்லி முகட்டில் உட்கார்ந்து வடக்குப் பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இந்தப் பக்கத்துத் தண்ணி எல்லாம் அந்த வூட்டுலதானே வுழுது? கீழ பூச்செடி கீதே. சொல்லிட்டியா?"

விஜயகுமாரி குழாயை மூடினாள். சொல்லவில்லை. சொல்கிற நிலையில் அவள் இல்லை. அது ஸ்டான்லிக்குத் தெரியாவிட்டாலும் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும்.

வடக்கே இருப்பது சந்திரம்மாவின் வீடு. சுவரை ஒட்டி, இவர்கள் ஓட்டிலிருந்து சொட்டுகிற மழைத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த கனகாம்பரப் பாத்தி. அதைக் கட்டி பஸ் ஸ்டாப்பில் விற்றுத்தான் சந்திரம்மா தன் ஒரே மகள் சுஷ்மிதாவை வளர்த்து வேடந்தாங்கல் பக்கம் கட்டிக்கொடுத்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் அந்தச் சுவருக்கு மேல் பூ இந்தப் பக்கம் வந்தது, குழம்பு அந்தப் பக்கம் போனது. ஒரு வீட்டில் இல்லாத புளியும் கருவேப்பிலையும் மற்ற வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஒரு சட்டமே இருந்தது. எல்லாம் ஒரு முருங்கை மரத்தால் போயிற்று.

முருங்கை மரத்தால் என்று தெரு சொல்லும். விஜயகுமாரியும் வெளியே அப்படித்தான் சொல்வாள். ரெண்டு வருடத்துக்கு முன்னால் சந்திரம்மா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, அவள் மரத்துக் கம்பளிப்பூச்சி இவள் சமையலறை ஜன்னல் வழியாகச் சாரை சாரையாக வந்தது. ஒரு கிளையை வெட்டத்தான் ஆள் கூப்பிட்டாள். வந்தவன் கை அரிப்பில் பாதி மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனான். சந்திரம்மா ஊரிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் மரத்தைப் பார்த்துக் கத்தினாள். இவளும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வாய்க்கு வந்ததைக் கத்தினாள். "வளக்கத் துப்பில்லாதவங்களுக்கு எதுக்கு மரம்?" என்றும் கத்தினாள்.

அன்று சாயங்காலம் ரேஷன் கடையில்தான் தெரிந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்த சுஷ்மிதாவின் குழந்தை தங்கவில்லை. மண்ணில் போட்டுவிட்டு வந்த கையோடுதான் சந்திரம்மா அந்த மரத்தைப் பார்த்திருக்கிறாள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. விஜயகுமாரிக்கு அது தெரியாதா? காலையில் அப்படிப் பேசிய வாயோடு சாயங்காலம் எப்படிப் போய் உட்காருவது என்று அன்றைக்குத் தள்ளிப்போட்டாள். மறுநாள், நேற்றே போகாதவள் இன்று எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டாள். ஒரு வாரம் போன பிறகு, இத்தனை நாள் கழித்துப் போனால் அடித்தே துரத்துவாள் என்று தோன்றியது. அப்படியே ரெண்டு வருடம். அவளுக்குக் கிளை வெட்டியதில் துளிகூட வருத்தமில்லை. துக்கம் விசாரிக்காமல் விட்டதுதான் சோற்றில் கிடக்கும் கல்லைப் போல ஒவ்வொரு நாளும் பல்லில் பட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பூவும் கருகிவிட்டால், சந்திரம்மா என்ன, இவள் மனசாட்சியே இது தெரியாமல் நடந்தது என்று நம்பாது. அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவே முடியாது.

ஆகவே அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னாள். பேச்சுவார்த்தை இல்லாத ரெண்டு வருடமும் இருவரும் ஜாடையில்தான் பேசிக்கொண்டார்கள். இவள் காக்கையைத் திட்டினால் அவளுக்கு, அவள் ஆட்டைத் திட்டினால் இவளுக்கு. அதில் இருவருமே கைதேர்ந்தவர்கள். விஜயகுமாரி சுவர் ஓரமாகப் போய் நின்று, முகட்டிலிருந்த ஸ்டான்லியைப் பார்த்து ஊருக்கே கேட்கிறமாதிரி சொன்னாள்.

"ஏம்ப்பா, இந்தத் தண்ணி பட்டா பூவெல்லாம் கருகிப் பூடுமாமே! பூ வெச்சிகினு இருக்கறவங்க எல்லாம் சூதானமா இருந்துக்கணும்!"

அவளைப் பொறுத்தவரை அது எச்சரிக்கைதான். ஆனால் ரெண்டு வருடமாக வெறும் விஷமே ஊற்றிய பாத்திரத்தில் இன்றைக்குப் பாலை ஊற்றினால் யார் குடிப்பார்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் வாளி 'டங்'கென்று வைக்கப்பட்டது.

"கேட்டியாடி?" சந்திரம்மா தன் ஆட்டிடம் கேட்டாள். "மரத்த மொட்டையடிச்சது பத்தலையாம். இப்ப பூவக் கருக்கறாங்களாம். அதையும் மைக்கு வெச்சி சொல்றாங்க பாரு!"

ஸ்டான்லி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனே இறங்கி, தெருவைச் சுற்றிப் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"இன்னா சொல்லிச்சி?" என்றார் வெங்கடேசன்.

"சொல்ல வேண்டியவ வாயில நாக்கு இல்லையா, அவ வந்து சொல்லட்டும்னுச்சி அண்ணாத்த."

வெங்கடேசன் மனைவியைப் பார்த்தார். "போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேம்மே. தல போயிடுமா?"

"நீ போயேன்."

"நான் போனா, ஆம்பளய அனுப்பிட்டானு அதுக்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்."

விஜயகுமாரி வடக்கு ஓட்டை அண்ணாந்து பார்த்தாள். "அந்தப் பக்கம் வாணாம்ப்பா. அப்பிடியே வுட்டுடு" என்றாள். பாதிக் கூரை சிவப்பாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தால் எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று வெங்கடேசன் ஆரம்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. அந்தக் கறுப்பு ஓடு இனி தினமும் சந்திரம்மாவின் கண்ணில்தான் படும். அதுவும் ஒரு ஜாடைதான் என்று அவளுக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் என்ன செய்ய? சொன்னது சொன்னதுதான் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. மேலேயிருந்து ஸ்டான்லியின் குரல் வந்தது.

"அக்கா! முகட்டுல அடிச்சது அந்தப் பக்கமும் எறங்குதுக்கா! நிக்க மாட்டேங்குது!"

விஜயகுமாரி வெளியே ஓடிவந்து பார்த்தாள். முகட்டு ஓடு ரெண்டு பக்கமும் வளைந்தது. ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை இறக்கு என்றால் அதற்குப் புரியுமா? பாசிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டு மருந்து வடக்கே இறங்கிக்கொண்டிருந்தது. பாதி ஓட்டைத் தாண்டிவிட்டது. அவள் யோசிக்கவில்லை. குரோட்டன்ஸ் மேலிருந்த தார்ப்பாயை உருவிச் சுருட்டிக்கொண்டு தெருவில் ஓடினாள். காலில் செருப்பு இல்லை, இடுப்பில் முந்தானை செருகியபடி இருந்தது. சந்திரம்மாவின் கேட்டைக் கையால் தள்ளக்கூட இல்லை, இடுப்பால் இடித்தே திறந்தாள்.

சந்திரம்மா வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் கையில் நார் அப்படியே நின்றது.

"அக்கா, தண்ணி ஊத்துக்கா! செடிக்கு மொதல்ல தண்ணி ஊத்து!"

சந்திரம்மா பக்கத்தில் இருந்த ஆட்டைப் பார்க்கவில்லை. நேராக விஜயகுமாரியைப் பார்த்தாள். பிறகு அவள் தலைக்கு மேலே, கூரை விளிம்பில் திரண்டு நின்ற வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தாள். கட்டிய பூவை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்து, தொட்டியிலிருந்து வாளியை முக்கிக் கனகாம்பரத்தின் மேல் வீசினாள். ரெண்டாவது வாளி, மூன்றாவது வாளி. முதல் சொட்டு விழுவதற்கும் இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயை விரித்துப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

கீழே வைக்க முடியாது. பாத்தி நெருக்கம், வைத்தால் பூவெல்லாம் நசுங்கும். கல் வைக்கவும் இடமில்லை. வாடைக்காற்று வேறு தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஆகவே நெஞ்சு உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு எதிர் எதிரே நின்றார்கள். சுவர் பக்கம் விஜயகுமாரி, வாசல் பக்கம் சந்திரம்மா.

"புடிச்சிகினே இருங்க! நல்ல தண்ணி அடிச்சி மருந்த கழுவி வுட்டுடறேன்!" என்று கத்திவிட்டு ஸ்டான்லி மோட்டாரைப் போட்டான்.

மோட்டார் போட்ட இரைச்சலில் உலகமே அடைத்துக்கொண்டது. பாசியும் வெள்ளைத் தண்ணீருமாக மேலேயிருந்து கொட்ட, தார்ப்பாய் நடுவில் தொங்கிக் கனக்க ஆரம்பித்தது. சந்திரம்மா இளைத்திருந்தாள். முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. சுவருக்கு மேல் குரலாகவே கேட்டுப் பழகியதில் விஜயகுமாரி இதைக் கவனிக்கவே இல்லை. ஒரு கை தூரத்தில் பார்க்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முகத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு அப்படிப் பேசினோம்.

"சுஷ்மிதா எப்பிடி கீதுக்கா?" என்று கேட்டாள்.

சந்திரம்மாவுக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்பதுபோல முகத்தைச் சுளித்தாள்.

"சுஷ்மிதா! எப்பிடி கீது?"

மறுபடியும் தலையை ஆட்டினாள், கேட்கவில்லை என்று. விஜயகுமாரிக்கு இனி விட மனசில்லை. இப்போது விட்டால் செத்தாலும் சொல்ல மாட்டோம் என்று பயம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான் அன்னிக்கே வந்திருக்கணும்க்கா! கொழந்த போனத கேட்டதுமே ஓடி வந்திருக்கணும்!"

பாதி வார்த்தையில் மோட்டார் நின்றுவிட்டது. 'ஓடி வந்திருக்கணும்' மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. மேலே ஸ்டான்லி குழாயைப் பிடித்தபடி வேறு எங்கோ பார்த்தான். ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டு மட்டும் தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது.

சந்திரம்மா தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவேன்னு வாசலயே பாத்துகினு இருந்தேன்" என்றாள். "யார் யாரோ வந்தாங்க. நீ வர்ல."

விஜயகுமாரிக்குக் கண்ணைத் துடைக்கவும் கை ஒழியவில்லை.

"இத எங்க ஊத்தறது?" என்று கேட்டாள் சந்திரம்மா.

"ரோட்டுக் கால்வாய்லதாங்க்கா. மண்ணுல பட்டா வேரு போயிடும்."

தார்ப்பாயை இருவரும் மெல்ல உயர்த்தினார்கள். கேட் சந்திரம்மாவின் முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பி நடக்க வழியில்லை, திரும்பினால் சிந்திவிடும். அவள் பின்பக்கமாகவே கால் வைத்து நகர ஆரம்பித்தாள். பூக்கூடையைத் தாண்டினாள், ஆட்டுக் கயிற்றைத் தாண்டினாள். கீழே கனகாம்பரம் நனைந்து, ஒரு பூகூட வெளுக்காமல் நின்றது. அவள் அதையும் பார்க்கவில்லை. கண்ணை எடுக்காமல் விஜயகுமாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"படி கீது, பாத்துக்கா."

சந்திரம்மா குதிகாலால் துழாவினாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால. ஆங், இப்ப வை" என்றாள் விஜயகுமாரி.

அவள் வைத்தாள்.