மூழ்காத மாலை

நவம்பர் இருபத்து நான்கு, ஞாயிற்றுக்கிழமை. டாலிகஞ்சில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். ஜன்னலோர மேசை முன்னால் கணபதியாகிய நான். கட்டிலின் கால்மாட்டில் என் மனைவி வேலாயி. அவளுக்கு எதிரே நாற்காலியில் பக்கத்து வீட்டு ஜஸ்னா. கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அவளுடைய வாப்பா நூருல்லா வாசற்படியில், உடம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக.

ஜஸ்னா கையில் ஒரு சின்ன மருந்துப் புட்டி இருந்தது. அதை மூடி மேல் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் செத்துச்சுன்னு கேட்டீங்களே, பெரியம்மா. டாக்டர் வயித்தைத் திறந்து பார்த்தாரு."

செத்தது ஒரு ஆலா, கடற்பறவை. அதை நூருல்லாதான் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தார். கடைக்குச் சாமான் எடுக்க ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துக்குப் போனவர், படகு ஜெட்டி ஓரத்தில் எழும்ப முடியாமல் கிடந்த பறவையை பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துவிட்டார். காக்கை அளவு, உச்சியில் கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. ஜஸ்னா வெளித்தீவுக்கு டியூட்டி போயிருந்ததால் வேலாயி அதைத் தன் அடுப்படியில் வைத்துக்கொண்டாள். நெத்திலியைக் கிள்ளிக் கிள்ளி ஊட்டினாள். அதுவும் வாங்கித் தின்றது. தின்னத் தின்ன மெலிந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கழுத்து தொங்கியிருந்தது. அன்றைக்குத் திரும்பிவந்த ஜஸ்னா அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள்.

"நான்தான் என்னமோ தப்பாக் குடுத்துட்டேன்" என்று வேலாயி இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்க குடுத்த மீன் போறதுக்கு உள்ள இடமே இல்ல, பெரியம்மா" என்று சொல்லி ஜஸ்னா புட்டியை நீட்டினாள்.

வேலாயி அதை ஒரு தட்டில் கவிழ்த்தாள். வலைநூல் துண்டு ஒன்று. கொஞ்சம் தெர்மாகோல் மணி. பிறகு மஞ்சள் நிறத்தில், நகக்கண் அளவில், ஓரம் சுருண்ட பிளாஸ்டிக் இதழ்கள் ஐந்தாறு. அவள் ஒன்றை விரல் நுனியில் ஒட்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

அந்த இதழ் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த இதழ். எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்தபோது நாங்கள் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் மகள் ரூபா அன்றைக்குப் போனாள். ஏழு வயது. உடம்பு கிடைக்கவில்லை. முதல் வருஷம் மெயின்லேண்டிலிருந்து வந்த செவ்வந்தியில் மாலை கட்டிக் கடலில் விட்டோம். சற்று நேரத்தில் அது ஊறி உள்ளே போய்விட்டது. "அதுவும் முங்கிருச்சே" என்று வேலாயி படகிலேயே கத்திவிட்டாள். அதைக் கடிதத்தில் படித்த அவளுடைய அக்கா ஜெயராணி, மறு வருஷம் கோத்தகிரியிலிருந்து பார்சல் அனுப்பினாள். பிளாஸ்டிக் செவ்வந்தி மாலை. 'இது முங்காது, பாப்பாகிட்ட போய்ச் சேரும்' என்று எழுதியிருந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் ஒரு மாலை. அலையில் ஏறி இறங்கி அது போவதைக் கண்ணுக்கு மறையும்வரை வேலாயி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அரே, சோடோ அண்ணே" என்றார் நூருல்லா. "விட்டுத் தள்ளுங்க. என் கடை வாசல்ல தொங்குறதும் இதே பூதான். ஆட்டோவுல தொங்குது, போட்ல தொங்குது. உங்க மாலைதான்னு யாரு சொன்னா?"

"நம்மளது இல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள் வேலாயி.

நூருல்லா தாடியைத் தடவிக்கொண்டார். ஜஸ்னா அவரை முறைத்தாள். "வாப்பா, சும்மா இருங்களேன்."

வேலாயி தட்டைக் கட்டிலில் வைத்தாள். "அக்கா டிசம்பர் ஒண்ணாந் தேதி பார்சல் போட்டுரும். லெட்டர் எழுதுங்க."

ஜெயராணிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. போனில் ஒன்றைச் சொன்னால் வேறொன்றுக்குப் பதில் வரும். எங்களுக்குள் எல்லாம் கடிதம்தான். தாளில் ஓரம் மடித்து, இடம், தேதி போட்டு எழுதிப் படித்தேன்:

"ஒன்று, மாலை அனுப்புவதை நிறுத்தவும். இரண்டு, காரணம்: கடற்பறவைகள் பிளாஸ்டிக் இதழ்களை இரையென விழுங்கி, வயிறு அடைத்து இறக்கின்றன. மூன்று..."

"என்னாங்க இது, கூட்டுறவு பேங்குக்கா எழுதுறீங்க?" என்றாள் வேலாயி. நூருல்லா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "இதை அக்கா தனியா உக்காந்து படிக்கணுமே. அந்தக் குளிர்ல. யாரு இருக்கா பக்கத்துல?"

அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. சுனாமிக்கு இரண்டு வாரம் முன்னால்தான், எங்களோடு தங்கியிருந்த ஜெயராணி கச்சாலை விட்டுப் போனாள். ரூபா 'பெரியம்மாகூட நானும் போறேன்' என்று ஜெட்டிவரை அழுதுகொண்டே வந்தாள். பரீட்சை கெட்டுவிடும் என்று தடுத்தவன் நான். ஆனால் ஜெயராணி, கையோடு கூட்டிப் போகாதது தன் குற்றம் என்றே இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதன்பிறகு ஒரு தடவையும் இந்தப் பக்கம் வரவில்லை. வரச்சொல்லி நாங்களும் கேட்டதில்லை. அவள் மாலை அனுப்புவாள், நாங்கள் விடுவோம்.

"அந்த மாலையாலயும் உசுரு போச்சுன்னு எழுதினா, அக்கா அதையும் தன் தலையில போட்டுக்கும்" என்றாள் வேலாயி.

"பொய் எழுதச் சொல்றியா?"

"பொய் வேணாம். பறவை விஷயத்தை நேர்ல நானே சொல்லுறேன்." நான் எழுதிய தாளை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். "மாலை வேணாம், நீ வான்னு எழுதுங்க."

"கடலைப் பார்க்கவே பயப்படுறவ வருவாளா?"

"ஏரோப்ளேன்ல வரட்டும். கேட்டாத்தானே தெரியும்? நாம ஒரு தடவையாவது கேட்டோமா?"

நான் வேறு தாள் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'அக்கா, இந்த வருஷம் மாலை வாங்காதே. நீ வா. பாப்பாவுக்கு நீ வந்தால் போதும். நாம் மூன்று பேரும் போய்த் தண்ணீரில் கை வைத்துவிட்டு வருவோம். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லுவேன்.' கீழே என் பங்குக்கு நானும் ஒரு வரி சேர்த்தேன்: 'அன்று பிள்ளையைத் தடுத்தது நான், நீ இல்லை.' அதை மட்டும் படித்துக் காட்டவில்லை.

வேலாயி தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி, கடைசி வரிவரை படித்தாள். பிறகு நாலாக மடித்தாள்.

"நாளைக்கு டவுனுக்குப் போறேன், குடுங்க அண்ணி, ஸ்பீட் போஸ்ட்ல போட்டுடுறேன்" என்றார் நூருல்லா.

"நானே வாறேன்" என்றாள் வேலாயி.

திங்கட்கிழமை காலை தபால் ஆபீஸ் மேசையில் வைத்து உறையை அவளே பசை தடவி ஒட்டினாள். ஓரம் பிரிகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கடிதத்தைப் பின்னாலிருந்த பையில் போட்டாள்.