கதவருகே நிற்பவன்

பட விழா அரங்கில் விளக்கு அணைந்ததும் நோட்டை மடியில் விரித்துக்கொள்வேன். தானே கையால் வரைந்த எட்டு நிமிட அனிமேஷன் படம் ஒன்றோடு நாலு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, அதைப் பெரிய திரையில் இன்னொரு முறை பார்க்கிற தெம்பு கிடையாது. அதனால் படத்தைப் பார்க்கிறவர்களை வரைவேன். எப்போதும் கடைசி வரிசை, ஓரத்து இருக்கை. வெளியே போகிற கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கும். நாலு பேர் சேர்ந்தாற்போல் கொட்டாவி விட்டால் சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்று ஒரு ஏற்பாடு. அங்கிருந்து பார்த்தால் பின்மண்டைகளும் பக்கவாட்டு மூக்குகளும் கழுத்தில் தொங்கும் விழா அட்டையின் கயிறுகளும்தான் தெரியும். எனக்கு அது போதும். இருட்டில் காகிதம் தெரியாது. கண் ஆள்மேல் இருக்கும், கை தன்பாட்டுக்குப் போகும், விளக்கு வந்த பிறகுதான் என்ன வரைந்தோம் என்று எனக்கே தெரியும். மூக்கு ஒருவருக்கும் கண்ணாடி இன்னொருவருக்கும் போயிருக்கும். சிரித்துக்கொண்டே தேதி போட்டு மூடிவைப்பேன்.

முதல் விழாவில் அப்படித்தான் விளக்கு வந்ததும் பார்த்தேன். ஏழெட்டுத் தலைகள் சுமாராக வந்திருந்தன. தாளின் வலது மேல் மூலையில் ஒரு நீளக் கட்டம், அதற்குள் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகம் இல்லை. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கைக்குக் கீழே கோடு ஒன்று வழுக்கிக்கொண்டு முழங்கால்வரை இறங்கியிருந்தது. கதவு என் பின்னால் இருந்தது, நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. உள்ளே வரும்போது வாசலில் டிக்கெட் பார்க்கிற ஆள் நின்றிருந்தார், அவரைக் கை ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோடு வழுக்குவது இருட்டில் சகஜம்.

படத்துக்கு ஒலி அமைத்த நண்பனை நாங்கள் செவிடன் என்று கூப்பிடுவோம். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. எல்லா விழாவுக்கும் அவன்தான் துணை. இரண்டாவது விழா ஒரு பழைய தியேட்டரில் நடந்தது. அங்கேயும் அதே மூலையில் அதே ஆள், அதே இறங்கிய தோள், கைக்குக் கீழே அதே வழுக்கல். கதவருகே யாராவது நின்றார்களா என்று செவிடனைக் கேட்டேன். யாருமில்லை, கதவு வெளியிலிருந்து சாத்தியிருந்தது என்றான். மூன்றாவது ஊரில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் திரையிட்டார்கள். அங்கே கதவே கிடையாது, திரைச்சீலைதான். ஆனாலும் தாளில் கதவு இருந்தது, அவனும் இருந்தான். செவிடன் நோட்டை வாங்கி முதலிலிருந்து புரட்டிப் பார்த்தான்.

"ஒருத்தனையே அறுநூறு தடவை வரைஞ்ச கை. அது வேற யாரை வரையும்?" என்றான் பிறகு.

அவன் சொன்னது கணக்குப்படி சரி. படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு பெண் நம்மைப் பார்த்தபடி மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வாசற்படியில் ஒருவன் வந்து நிற்கிறான். அவள் திரும்புவதில்லை. ஐம்பது விநாடி நின்றுவிட்டுப் போய்விடுகிறான். அவள் வரைந்துகொண்டே இருக்கிறாள். பென்சில் உரசுகிற சத்தம் மட்டும்தான், பேச்சு இல்லை. எங்கள் தொழிலில் சும்மா நிற்கிறவனை வரைவதுதான் கஷ்டம். ஒரே படத்தை ஐம்பது விநாடி காட்டினால் அவன் செத்துப்போய்விடுவான், மரப்பலகை மாதிரி ஆகிவிடும். அவன் மூச்சு விடுவதுபோல் தெரிய வேண்டுமென்றால் அதே ஆளைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும், ஒவ்வொரு தடவையும் மயிரிழை மாறும். விநாடிக்குப் பன்னிரண்டு படம். அப்படி அறுநூறு தாளில் என் தம்பியை நிற்க வைத்தேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன், வீட்டில் அத்தனை கலகலப்புக்கும் அவன்தான் பொறுப்பு. கடைக்குப் போவதில் எங்களுக்குள் முறை உண்டு, ஒரு நாள் அவன், மறுநாள் நான். சமையலறைக் காலண்டரில் அவன் நாளுக்கு வட்டம், என் நாளுக்குப் பெருக்கல் குறி. யார் முறையோ அவர் கையில் பையைக் கொண்டுபோய்த் திணிப்பது மற்றவர் வேலை. அதை அவன் ஒரு திருவிளையாடலாகவே செய்வான். நீலக்கட்டம் போட்ட துணிப்பையைச் சுருட்டி, நான் வரைகிற தாளின் நடுவே வந்து விழுகிற மாதிரி எறிவான். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு துரத்துவேன். என் நாளை அவன் தலையில் கட்டுவதில் நான் கெட்டிக்காரி. தலைவலி என்பேன், மை காயவில்லை என்பேன். அவன் முனகிக்கொண்டே போய்விட்டு வருவான்.

அன்று மதியம் அவன் வந்து நின்றது எனக்குத் தெரியும். மூன்று நாளில் கொடுக்க வேண்டிய வேலை, நீளமான ஒரு கோட்டின் நடுவில் இருந்தேன். "அக்கா, ஒரு நிமிஷம்" என்றான். அப்படி மெதுவாகக் கூப்பிடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "இருடா, இந்தக் கோடு முடியட்டும்" என்றேன். கோடு முடிந்தது. அடுத்த கோடு வந்தது. நிமிர்ந்தபோது வாசற்படி காலியாக இருந்தது. கால் மணி நேரத்தில் தெருமுனையில் பின்னோக்கி வந்த லாரி ஒன்று அவனைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. எங்கே கிளம்பினான் என்று யாரும் கேட்கவில்லை, அவன் எந்நேரமும் வெளியே சுற்றுகிறவன். அம்மாவிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "என் ரூம் வாசல்ல வந்து நின்னான்மா. இருன்னு சொன்னேன்." அம்மா கேட்டுக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் முடிந்தது.

என்னை அரித்தது இதுதான்: அவன் என்ன சொல்ல வந்தான்? ஏதாவது சிக்கலில் இருந்தானா, யாரையாவது விரும்பினானா, அழுதானா? நான் திரும்பியிருந்தால் ஒரு முகத்தையாவது பார்த்திருப்பேன். தூங்குகிற தம்பியை வரைவேன், பல் முளைக்காத தம்பியையும் வரைவேன், அந்த நிமிடத்துத் தம்பி மட்டும் எனக்குக் கிடையாது. விழாக்களில் படம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டு, நிற்கிறவனுக்கு ஏன் முகம் வைக்கவில்லை என்று கேட்பார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு முகத்தை அங்கே வைத்துக்கொள்ளட்டும் என்பேன். கைதட்டுவார்கள். முதல் தடவை சொன்னபோது வெட்கமாக இருந்தது. மூன்றாவது தடவை எனக்கே அது நிஜம்போல் தோன்றியது, அதற்குத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

நான்காவது விழா எங்கள் ஊரிலேயே வந்தது. காலை பதினோரு மணிக்கு ஒரு காட்சி, மதியம் மூன்றுக்கு இன்னொன்று. அம்மா அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. நாலு வருஷமாக என் அறையில் பென்சில் சீவல்களைக் கூட்டி அள்ளியவள், மேசைமேல் இருந்த தாள்களைக் குனிந்துகூடப் பார்த்ததில்லை. காட்டட்டுமா என்றால் கண் எரிகிறது என்பாள். இந்த முறை அவளாகவே நல்ல செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். அரங்கில் அவளை நடு வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் வழக்கமான இடத்துக்குப் போனேன். அன்று அவள் பின்மண்டையை மட்டும்தான் வரைந்தேன். கொண்டை அசையவே இல்லை. விளக்கு வந்தபோது நோட்டைப் பார்க்காமலேயே மூடிவிட்டேன்.

வெளியே கூடத்தில் நாலைந்து பேர் வந்து கை கொடுத்தார்கள். ஒரு பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தன் அண்ணனை நினைத்துக்கொண்டாராம். அவரை விலக்கவும் முடியாமல் நான் அம்மாவைத் தேடினேன். குடிநீர் கேனுக்குப் பக்கத்து பெஞ்சில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே பேசட்டும் என்று இருந்தேன். அவள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி அட்டவணையைப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கே. அந்தத் தோள்பட்டைகூட அவனேதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பையை மட்டும் ஏன் படத்துலேர்ந்து எடுத்துட்டே?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக எடுத்துவைத்திருந்த கேள்விபோல இருந்தது.

"எந்தப் பை?" என்றேன்.

அம்மா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் எதையோ தேடினாள். தேடியது கிடைக்காமல் போனது அவள் கண்ணிலேயே தெரிந்தது. வாய் லேசாகத் திறந்தது.

"அப்ப நீ திரும்பியே பாக்கலையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். ஒண்ணுமில்லை விடு, வெயிலுக்கு ஏதாவது குடிக்கலாம் என்று எழுந்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்தது. அன்று காலண்டரில் பெருக்கல் குறி. அரைக் கிலோ வெங்காயம் வேண்டியிருந்தது. பையை அம்மாதான் அவனிடம் கொடுத்து, அக்காவிடம் கொடு, அவள் முறை என்று அனுப்பியிருக்கிறாள். அவன் பையோடு என் வாசலில் போய் நின்றிருக்கிறான். திரும்பி வந்து, 'அக்கா வேலையா இருக்கா, எறிஞ்சா படம் கெட்டுடும், நானே போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் அவன் சட்டையோடு அந்தப் பையையும் கொடுத்தார்களாம். என் கண்ணில் படாமல் அம்மா அதைத் துவைத்து, மடித்து, பீரோவில் தன் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பையைப் பார்த்துவிட்டுத்தான் நான் இரு என்று சொன்னேன், எனக்கு எல்லாம் தெரியும், அதில்தான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவள், எனக்குத் தெரியாததைச் சொல்லிவிட்டாள்.

காதலும் கண்ணீரும் ரகசியமும் என்று நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். அரைக் கிலோ வெங்காயம். என் முறை. தாள் கெட்டுவிடக் கூடாது என்று பையை எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் என் வேலைக்கு மரியாதை கொடுத்தான். நான் அழவில்லை. அறுநூறு தாளிலும் வெறுங்கையோடு நிற்க வைத்திருக்கிறேனே என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் நோட்டு ஞாபகம் வந்தது.

எடுத்துப் புரட்டினேன். முதல் ஊர். வலது கைக்குக் கீழே முழங்கால்வரை இறங்கிய கோடு, கீழே போய் வளைந்து, மறுபடி மேலே ஏறிக் கைக்கே வந்திருந்தது. வழுக்கல் என்று நினைத்த நான் அது வளைந்ததைக் கவனிக்கவே இல்லை. இரண்டாவது ஊர். அங்கேயும் வளைந்து ஏறியிருந்தது. மூன்றாவதில் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கீறல்கள் இருந்தன. அம்மா எட்டிப் பார்த்தாள். கடைசியாகக் காலையில் வரைந்த தாளைத் திருப்பினேன். அம்மாவின் கொண்டைக்கு மேலே, மூலையில், கதவு. அவனும் இருந்தான், இந்த முறை கொஞ்சம் பெரிதாக, அதாவது கொஞ்சம் கிட்டத்தில். அம்மா ஆள்காட்டி விரலை அவன் கைக்குக் கீழே வைத்தாள். தொடவில்லை, ஒரு நூல் இடைவெளியில் நிறுத்திக்கொண்டாள்.

"இதை எப்ப வரைஞ்சே?"

"இப்பத்தான்மா. உள்ள."

செவிடன் மூன்று கோப்பைக் காப்பியோடு வந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கோப்பைகளை பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்துபோனான். காப்பி ஆறி ஆடை கட்டியது. வீட்டுக்குப் போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன். மதியக் காட்சியிலிருந்து படத்தை எடுத்துவிடச் சொல்லலாம், விழாப் பொறுப்பாளர் நல்ல மனுஷி, காரணம் கேட்க மாட்டார் என்றும் சொன்னேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பாக்கணும். இப்ப உன் பக்கத்துல உக்காந்து" என்றாள்.

மூன்று மணிக்குக் கடைசி வரிசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்தது. நோட்டை விரித்தேன், பழக்கம் விடவில்லை. திரையில் அந்தப் பெண் வரைய ஆரம்பித்தாள், பென்சில் சத்தம் அரங்கம் முழுக்க உரசியது. முன் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை வாகாகக் கிடைத்தது, காதிலிருந்து கழுத்துக்கு ஒரு நீளக் கோடு போட ஆரம்பித்தேன். திரையில் அவன் வந்து நின்றான். அப்போது எங்களுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒரு கீற்று வெளிச்சம் இருக்கைகளின் மேல் விழுந்து, அம்மாவின் கையில் ஏறி, அங்கேயே நின்றது. திறந்தவர் உள்ளே வரவும் இல்லை, கதவை விடவும் இல்லை. அம்மாவின் கை மெல்ல வந்து என் முழங்கையைப் பிடித்தது. கோடு இன்னும் பாதிதான் வந்திருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.